எலுமிச்சம்பழத்தில் வண்டு

திட்டப் பணியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஆனால் அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் ஓர் ஓய்வு வந்துவிடும். மாலையோ சால்வையோ கிடையாது, அடையாள அட்டையை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அந்த வகையில் நான் இரண்டு முறை ஓய்வு பெற்றவள். எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கருவிகளைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று என்ன செய்வது என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

முதலில் வண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழத்துக்கும் குறைவில்லை, மாங்கொட்டைக்குள் குடியிருக்கும் வண்டுக்கும் குறைவில்லை. பிஞ்சாக இருக்கும்போதே புழு உள்ளே போய்விடும். போன வழி ஆறி மூடிக்கொள்ளும். பழம் பழுத்து, மஞ்சளாகி, மணத்து, ஏற்றுமதிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போது கொட்டைக்குள் வண்டும் உட்கார்ந்திருக்கும். போன இடத்தில் ஒரு பழத்தை அறுத்து ஒரு வண்டைப் பார்த்தாலும் போதும், மொத்தச் சரக்கும் திரும்பிவிடும். வேப்பனப்பள்ளியில் தோப்பு வைத்திருக்கும் திம்மராயப்பா எங்களுக்குப் பழம் கொடுத்தவர். முதல் நாளே அவர் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"அறுத்துப் பாத்தா வண்டு இருக்குதா இல்லியான்னு நானே சொல்லிடுவேன் பாப்பா. அறுத்த பழத்த எவன் வாங்குவான்?"

அறுக்காமல் சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. எங்கள் பேராசிரியரை இங்கே சார் என்றே சொல்கிறேன், நாங்கள் வேறு எதுவும் சொல்லி அழைத்ததில்லை. அவருடைய யோசனை எளிமையானது. வண்டு உயிருள்ளது, அசையும், அசைந்தால் சத்தம் வரும், சத்தத்தைக் கேட்டுவிடலாம். எறும்பு நடந்தாலும் பதிவு செய்யக்கூடிய ஓர் உணர்கருவியை எஃகுத் தட்டுக்கு அடியில் பொருத்தினோம். தட்டின் மேல் பழத்தை வைத்தால், உள்ளே சத்தம் இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. அரசாங்கம் இதற்கு இரண்டு வருடம் நிதி கொடுத்தது. மாம்பழத்தைக் கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று சொன்னபோது சேலத்தில் என் அப்பா அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நிதி கேட்டு எழுதும்போது, என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லச் சொல்வார்கள். அது தெரிந்திருந்தால் ஏன் தேடப் போகிறோம் என்று திருப்பிக் கேட்க முடியாது. சார் 'வெற்றி வாய்ப்பு மிக அதிகம்' என்று எழுதியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பிரச்சினை, எழுதிய பிறகு அதை நாமே நம்ப ஆரம்பித்துவிடுவதுதான்.

முதல் வருடம் கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்தோம். எந்தப் பழத்தை வைத்தாலும் பச்சை விளக்கு. அறுத்துப் பார்த்தால் கொட்டைக்குள் வண்டு சவுகரியமாக உட்கார்ந்திருக்கும். இரண்டாம் வருடம் கருவியை முனிராஜண்ணாவின் பட்டறைக்கு மாற்றினோம். அவர் எங்கள் திட்டத்தின் தொழில் கூட்டாளி, தட்டும் சட்டமும் செய்து கொடுத்தவர். பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ்கள் அடிக்கிற அடியில் தரையே ஆடும் என்பதால், எல்லா இயந்திரமும் நின்றிருக்கும் ஒரே நேரமான வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சோதனை செய்தோம். அன்று காலையில் பட்டறையைக் கழுவி, எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்துப் பூஜை போடுவார்கள். சாயங்காலம்தான் மறுபடி ஓட்டுவார்கள்.

இடம் மாற்றியதும் முடிவுகள் பிரமாதமாக வந்தன. திம்மராயப்பா இரண்டு பெட்டிகள் கொண்டுவருவார். ஒன்று வண்டு விழுந்த கீழ்த்தோப்புப் பழம், இன்னொன்று சுத்தமான மேல்தோப்புப் பழம். கீழ்த்தோப்புப் பழத்துக்கெல்லாம் சிவப்பு. மேல்தோப்புப் பழத்துக்கெல்லாம் பச்சை. அறுத்துப் பார்த்தால் அப்படியே சரி. வாரா வாரம் இதே கதை. கல்வியும் தொழிலும் கைகோத்தால் இப்படித்தான் நடக்கும் என்று சார் ஒரு கூட்டத்தில் பேசினார். டெல்லிக்கு அறிக்கை போயிற்று. அடுத்த கட்டமாக, மாவட்டத்தின் பழக் கிடங்குகள் எல்லாவற்றிலும் எங்கள் கருவியை வைக்கலாமா என்று பார்க்க ஆய்வுக் குழு நேரில் வருவதாகப் பதில் வந்தது. குழு சரி என்றால் எனக்கு இன்னும் மூன்று வருடம் வேலை. இல்லை என்றால் அந்த மாதக் கடைசியில் அறையைக் காலி செய்து சேலத்துக்குப் போக வேண்டும். அங்கே அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேகம் அந்தச் சமயத்தில் கவலை தருவதாக இருந்தது.

குழு வரும் வெள்ளிக்கிழமை முனிராஜண்ணா பூஜையைப் பெரிதாகவே செய்தார். கருவிக்கு ரோஜா மாலை. வழக்கமாகத் தட்டின் ஓரத்தில் விரல் நுனியளவு சந்தனம் இருக்கும், அன்று ஓர் அதிரசம் அளவுக்கு அப்பியிருந்தார். அதன் மேல் குங்குமம். தட்டின் நடுவில் ஓர் எலுமிச்சம்பழம்.

சார் புதுச் சட்டையில் வந்தார். குழுவின் கார் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டதாக ஓட்டுநர் சொன்னாராம். "ஒரு தடவ ஆன் பண்ணிப் பாத்துடும்மா. வர்ற நேரத்துல மக்கர் பண்ணக் கூடாது," என்றார்.

நான் இயக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பழமே வெக்கலியே," என்றார் சார்.

"எலுமிச்சம்பழம் இருக்குது சார்."

"அதுல வண்டா?"

எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கீழே வைத்தேன். தட்டு காலி. விளக்கு சிவப்பாகவே இருந்தது. கருவியோடு இணைந்த ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாங்கள் வண்டின் நடமாட்டம் என்று கேட்டுப் பூரித்த அதே சத்தம் வந்தது. நொறுக், நொறுக். காலித் தட்டில் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.

எனக்குப் பதற்றம் வந்தால் மனது தானாக வரிசை போட ஆரம்பித்துவிடும். மின்கம்பி, சரி. உணர்கருவி, சரி. தரை அதிர்வு, இல்லை. மாலையை எடுத்தேன், சத்தம் நிற்கவில்லை. மிச்சம் இருந்தது சந்தனம். குனிந்து பார்த்தேன். காய்ந்துவந்த ஓரத்தில் மெல்லிய கோடுகளாக வெடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு நொறுக். எறும்பின் நடையையே கேட்கும் கருவிக்கு அது பெரிய ஊர்வலம்.

அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியதே இருக்கவில்லை. காலையில் பூஜை முடிந்ததும் சந்தனம் ஈரமாக இருக்கும், பிறகு காய்ந்து வெடிக்கும், மத்தியானத்துக்குள் முழுவதும் காய்ந்து அடங்கிவிடும். நாங்கள் எப்போதும் கீழ்த்தோப்புப் பழத்தைக் காலையிலும் மேல்தோப்புப் பழத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகும் சோதித்தோம். ஏன் அந்த வரிசை என்று ஒருவரும் கேட்டதில்லை. கெட்ட பழத்தைப் பக்கத்தில் வைத்திருந்தால் நல்ல பழத்துக்கும் வண்டு போய்விடும் என்று திம்மராயப்பா அவசரப்படுத்துவார். நாங்களும் கெட்டதை முதலில் முடித்து அனுப்பிவிடுவோம்.

சாரிடம் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த பெயிண்ட் டப்பாவின் மேல் புதுச் சட்டையோடு உட்கார்ந்தார்.

"அப்ப இந்த சீசன் பூரா சந்தனம் காயற சத்தத்தையா கேட்டுக்கிட்டு இருந்தோம்?"

"ஆமா சார்."

"போன வருஷம்?"

"போன வருஷம் காலேஜ்ல பூஜை இல்ல சார். அதனால ஒண்ணும் கேக்கல."

முனிராஜண்ணா கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். அவருக்கு இதில் துக்கப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

"மேடம், பூஜ போட்டா மெஷின் வேல செய்யுது. அதுல என்ன தப்பு? என் லேத்தும் அப்பிடித்தான் ஓடுது."

"அண்ணா, உங்க லேத்துல சந்தனமா நட்டு கடையுது?"

"அத எப்பிடி மேடம் சொல்ல முடியும்? நிறுத்திப் பாத்தாத்தான தெரியும். நான் நிறுத்த மாட்டேன்."

சோதனை முறையைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவருக்கு அது பூஜைக்கான காரணம், எனக்கு அது எங்கள் தவறின் முழு விளக்கம்.

சாரின் செல்பேசி ஒலித்தது. ஓட்டுநர்தான். கார் அத்திப்பள்ளியில் நெரிசலில் நிற்கிறதாம். மாநில எல்லையில் நிற்கும் லாரிகளை வருடக்கணக்காகத் திட்டிவந்த சார், "நிக்கட்டும், மெதுவாவே வாங்க," என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இங்க பாரும்மா. நாம பொய் சொல்லப் போறதில்ல. எப்பவும் பண்ற மாதிரி மொதல்ல கீழ்த்தோப்பு, அப்புறம் மேல்தோப்பு. என்ன வருதோ அவங்களே பாக்கட்டும். அவங்க போனதுக்கு அப்புறம் நாம சரி பண்ணிக்கலாம்."

நீங்கள் எல்லோரும் ஒரு நாள் இந்த வாக்கியத்தைக் கேட்பீர்கள். அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் கெட்டவராக இருக்க மாட்டார். சார் நல்ல மனிதர். கருவி உண்மையில் வேலை செய்யும், இது வழியில் வந்த சின்னத் தடங்கல் என்று அந்த நிமிடம்கூட மனதார நம்பினார். அதுவும் போக, அது நடந்தால் எனக்கும் மூன்று வருடம் வேலை. எனக்கும் அந்த யோசனை அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை. அடுத்த கட்டத்துக்கு நிதி வந்தால் சந்தனம் இல்லாமல் கேட்கும் கருவியை நிஜமாகவே செய்துவிடலாமே என்று மனது வக்காலத்து வாங்கியது.

அப்போது திம்மராயப்பா இரண்டு பெட்டிகளையும் ஆட்டோவிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். பயனாளி ஒருவரைக் குழுவுக்குக் காட்ட வேண்டும் என்பதால் வெள்ளை வேட்டியில் வரச் சொல்லியிருந்தோம். எங்கள் மூன்று முகத்தையும் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப சந்தனம் காயறப்போ எந்தப் பழம் வெச்சாலும் வண்டுன்னு சொல்லும்?"

"ஆமாங்க."

"நல்லாக் காஞ்சிட்டா எந்தப் பழம் வெச்சாலும் வண்டு இல்லேன்னு சொல்லும்?"

"ஆமாங்க."

தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இத அடுத்த வருஷம் கிடங்குல வெச்சாங்கன்னா, மத்தியானத்துக்கு மேல கொண்டாந்தா என் கீழ்த்தோப்புப் பழமும் நல்ல பழம்னு பாஸ் ஆயிடும். அப்பிடித்தான பாப்பா?"

அப்படித்தான் என்று தலையாட்டினேன்.

"நல்ல மெஷினுங்க சார் இது. கை வெக்காதீங்க. இப்பிடியே இருக்கட்டும்," என்று சாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

சார் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்ல நினைத்திருந்த எந்த வாதமும் தேவைப்படவில்லை. எங்கள் பயனாளி மனப்பூர்வமாகத் திருப்தி அடைந்துவிட்டதுதான் அவரை உடைத்தது. அரசுச் சான்றிதழோடு வண்டுப் பழம் லாரி லாரியாகக் கப்பலேறுவது அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும்.

"துடைச்சிடும்மா. துடைச்சிட்டு, மெஷின் வேலை செய்யலன்னு சொல்லிடலாம்," என்றார் கடைசியில்.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இருக்கிறது. துடைக்காதீர்கள். தவறு தெரிந்ததும் கை முதலில் துணியைத்தான் தேடும். துடைத்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது வேலை செய்யாத ஒரு கருவி மட்டுமே. ஏன் வேலை செய்வதுபோல் தோன்றியது என்பதற்கான ஒரே ஆதாரம் துணியோடு போய்விடும்.

"வேண்டாம் சார். சந்தனத்தோடயே காட்டுவோம். எலுமிச்சம்பழத்த வெச்சுக் காட்டுவோம்," என்றேன்.

சார் என்னைப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார், சரி என்று தலையை ஆட்டினார். அதன் பிறகு வேறொரு கவலை வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சந்தனம் வேகமாகக் காய்ந்துகொண்டிருந்தது. நொறுக் நொறுக்கென்ற சத்தத்துக்கு இடையில் இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. குழு வருவதற்குள் அடங்கிவிட்டால் காட்ட எதுவும் இருக்காது. சற்று முன் நெரிசலை வாழ்த்திய சார் இப்போது ஓட்டுநருக்கு மூன்று முறை போன் செய்து, ஜூஜூவாடி வழியாகக் குறுக்கே வர முடியுமா என்று விசாரித்தார்.

முனிராஜண்ணாதான் வழி சொன்னார். "இதுக்குப் போயி ஏன் சார் டென்ஷன்? அவங்க வந்தப்புறம் இன்னொருக்கா பூஜ போட்டுடலாம். ஆரத்தியும் எடுத்த மாதிரி ஆச்சு."

குழுவில் இரண்டு பேர். தலைவர் மைசூர்ப் பக்கத்து மூத்த விஞ்ஞானி, நம் தமிழ் நன்றாகத் தெரிந்த அம்மையார். மற்றவர் டெல்லியிலிருந்து வந்த நிதிப் பிரிவு அதிகாரி. வழியெல்லாம் நின்று நின்று வந்ததில் இருவரும் களைத்திருந்தார்கள். முனிராஜண்ணா ஆரத்தி எடுத்தார், கருவிக்குப் புதுச் சந்தனம் வைத்தார். திம்மராயப்பா அறுத்த மாம்பழம் கொடுத்தார். அவர்கள் அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் சந்தனத்தின் ஓரம் வெளுத்துவிட்டது.

சார் எழுந்து தயாரித்து வைத்திருந்த உரையின் முதல் வரியைத் தொடங்கினார், பாதியில் நிறுத்தினார், எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்தில் கேட்டார், எலுமிச்சையிலும் இந்த வண்டு வருமா என்று.

"வராது," என்றார் சார். எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டார். விளக்கு அப்படியே இருந்தது. "காலித் தட்டிலும் வராது." பிறகு என் பக்கம் திரும்பி, "மீதிய நீ சொல்லும்மா," என்றார்.

சொன்னேன். பூஜை, சந்தனம், பழங்களை வைத்த வரிசை, முதல் வருடத்துப் பச்சை விளக்குகள், எல்லாவற்றையும். சொல்லி முடித்தேன். நொறுக் என்றது தட்டு.

தலைவர் குனிந்து சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதிகாரி சிரிக்கவில்லை. அவர் முகம் மாறிப்போயிருந்தது. முனிராஜண்ணாவைப் பார்த்து, எல்லாப் பட்டறைகளிலும் இப்படிப் பூஜை போடுவார்களா என்று இந்தியில் கேட்டார்.

முனிராஜண்ணா தன்னுடைய ஓசூர் இந்தியில், "எல்லா ஊர்லயும் உண்டு சார். உங்க ஊர்ல கெடயாதா?" என்றார்.

அதிகாரி செல்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தலைவர்தான் எங்களுக்கு விளக்கினார். வேறொரு மாநிலத்தில் இன்னொரு குழு இதே யோசனையை வைத்துக்கொண்டு மாம்பழத்தைக் கேட்கிறது. போன வாரம்தான் இந்த அதிகாரி அங்கே போய்ப் பார்த்தார். ஒரு பழம்கூடத் தவறவில்லை. கருவிகளை மொத்தமாகச் செய்ய ஒப்புதலும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"உங்க வண்டு ஏன் சத்தம் போடல?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"பழம் பழுக்கறப்போ அது அசையறதே இல்லன்னு நினைக்கறோம் மேடம். உறுதியா தெரியாது. சந்தனம் இல்லாம, பழத்த மாத்தி மாத்தி வெச்சு, எது எந்தத் தோப்புன்னு தெரியாம கேட்டுப் பாக்கணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ஒரு சீசன்."

"அப்புறம்?"

"அப்புறம் இது கேக்காதுன்னு உறுதியா சொல்லிடலாம் மேடம். ஒருவேள கேட்டாலும் கேக்கலாம்."

கிடங்குகளுக்குக் கருவி வைக்கும் திட்டத்தை அவர் அங்கேயே மறுத்துவிட்டார். திம்மராயப்பா உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் ஒரு சீசனுக்கு, கேட்க முடியுமா முடியாதா என்பதை மட்டும் பார்ப்பதற்கு, சாருக்கும் எனக்கும் அனுமதி கிடைத்தது. வாசலிலிருந்து திரும்பி வந்த அதிகாரி, வேலை செய்யாமலும் போகலாம் என்று விண்ணப்பத்திலேயே சொல்லும் ஒரு திட்டத்தை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று தெரியாமல் தவித்தார். சார் அவருக்கு இன்னொரு மாம்பழம் கொடுத்தார். அந்த அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. முதலில் அந்த இன்னொரு மாநிலத்துக்குப் போய் அவர்கள் கருவியை நான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

போனேன். அது பெரிய நிறுவனம். ஆய்வகம் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது. பொட்டு இல்லை, பூ இல்லை, கருவியின் மேல் தூசிகூட இல்லை. அதை இயக்குகிறவள் என் வயதுப் பெண், எனக்கு இருந்த அதே பதவி, நிரந்தரமில்லாத அதே வேலை. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் வைத்த கெட்ட பழத்துக்கெல்லாம் சிவப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு வைத்த நல்ல பழத்துக்கெல்லாம் பச்சை. ஒருவேளை இவர்கள் நிஜமாகவே கேட்டுவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றியது.

"நாளைக்கு நல்ல பழத்தை முதலில் வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்களுடையது என்ன?" என்று கேட்டாள்.

"சந்தனம்," என்றேன்.

அவள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வெகு நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ கீழே வைக்கிறவள்போல் மூச்சு விட்டாள்.

"எங்களுடையது பக்கத்து அறை ஏசி," என்றாள். "மத்தியானம் அணைத்துவிடுவார்கள்."